இப்போதைக்கு வைப்பு

எங்கள் ஊரில் ஒரு மனிதன் சாவதற்கு வேண்டிய வசதியெல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரி, சர்ச், சவ ஊர்தி, எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து குடிக்க ஒரு கிளப். இதற்கெல்லாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு படம் பார்ப்பதற்குத்தான் அடிலெய்டுவரை வண்டி ஓட்டிப் போய்க் கமிட்டி முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

வார்விக் என் பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் ஊர் வய்யாலாவின் இரும்பாலையில் இருவரும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, ஒரே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டோம். நான் அதன்பிறகு மீன் பிடித்தேன். அவன் பெட்டி சேர்த்தான். பழைய சூப்பர்ஹீரோ படங்களின் டிவிடி பெட்டிகள். ஒரு நாயகனின் எல்லாப் பாகங்களும் தடித்த அட்டைப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கும், மேலே ஜிகுஜிகுவென்று நாயகனின் மார்பு இருக்கும். வார்விக் வீட்டில் ஒரு அறை முழுக்க இதுதான். அவன் மனைவி கிளெனிஸ் அந்த அறைக்கு "ஜட்டிக்காரன்கள் அறை" என்று பெயர் வைத்திருந்தாள்.

எல்லாவற்றையும் பிரித்து, போட்டு, ஊரையே கூப்பிட்டுக் காட்டுவான். ஒன்றை மட்டும் பிரிக்கவில்லை. அது 'சூறையான்' ஆறு பாகங்கள் கொண்ட பெட்டி.

சூறையானின் ஆறாம் பாகத்தை எங்கள் ஊர்ப் படகுத்துறையில் எடுத்தார்கள். கூட்டத்தில் நிற்க ஒரு பையன் வேண்டும் என்றார்கள். வார்விக்கின் மகன் ஷேனுக்கு அப்போது எட்டு வயது. சூறையான் வானத்திலிருந்து இறங்குவதை அவன் அண்ணாந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தியேட்டருக்குப் படம் வந்தபோது அந்தக் காட்சியை வெட்டியிருந்தார்கள். பையன் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த கோடையில் அதே படகுத்துறையிலிருந்து தவறி விழுந்து போய்விட்டான். ஒரே பிள்ளை.

பல வருடம் கழித்துப் பெட்டி வந்தது. வெட்டிய காட்சிகளும் உண்டு என்று பின்னட்டையில் போட்டிருந்தது. வார்விக் வாங்கிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் வைத்தான். அவனும் கிளெனிஸும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். டீ ஆறியது. இருவருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கக் கை வரவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தார்கள். பெட்டியைப் போட்ட கம்பெனி அதே வருடம் மூடிவிட்டது. கொஞ்சம் பெட்டிகள்தான் விற்றிருந்தன. மற்ற பெட்டிகளையெல்லாம் அவன் இதற்குத் துணையாகத்தான் வாங்கிச் சேர்த்தான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

எங்கள் ஊர்க் கடல்காற்று எதையும் விட்டுவைக்காது. அட்டையில் ஒரு மூலை லேசாக உப்பியதைப் பார்த்ததும் வார்விக் பயந்துபோய், பெட்டியை அடிலெய்டில் இருக்கும் தென்கோள வீட்டுத்திரைப் பெட்டிகள் தரநிர்ணயப் பாதுகாப்புக் கழகத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தான். நாங்கள் கழகம் என்று சொல்வோம். அங்கே கவுண்டரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "வைக்கவா, பார்க்கவா?" சேகரிப்பவர்கள் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார்கள், ஒன்று பார்க்க, ஒன்று வைக்க. வார்விக்கிடம் இருந்ததோ ஒன்று. அவன் கொஞ்சம் யோசித்து, "இப்போதைக்கு வைங்க" என்றான். அவர்கள் 'வைப்பு' என்று முத்திரை குத்தி, பெட்டியைக் காற்றுப் போகாத கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, நிலவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பத்துக்கு ஒன்பதரை மதிப்பெண் வேறு கொடுத்தார்கள். அவனுக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது, பாவம்.

அப்புறம் அவனுக்கு நுரையீரலில் புற்று வந்தது. இரும்பாலையில் வேலை பார்த்தவனுக்கு வேறெங்கே வரும். குளிர்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து மூவரும் என் வண்டியில் திரும்பினோம். எங்கள் தெரு முனையில் வார்விக் வாயைத் திறந்தான்.

"கிளைவ், எனக்கு ஷேனைப் பாக்கணும்."

"எனக்கும்தான்" என்றாள் கிளெனிஸ், ஜன்னல் பக்கம் திரும்பியபடி.

மறுநாளே கிளம்பினோம். கழகத்தின் கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். வார்விக் மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலி போட்டாள்.

"என் பெட்டிய எடுத்துக்கணும்மா."

"எதுக்கு சார்?"

"பாக்கறதுக்கு."

"ஞாயித்துக்கிழமை பார்வை நேரத்துல வாங்களேன். கண்ணாடி வழியா தாராளமா பாக்கலாம்."

"பெட்டிய இல்லம்மா. உள்ள இருக்கற படத்த."

அவள் முகம் சிவந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சார், இங்க பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க."

பிறகு விளக்கினாள். வைப்புப் பெட்டியை வெளியே எடுக்க நாலே காரணம்தான்: தீ, வெள்ளம், விவாகரத்து, இறப்பு. "இதுல இறப்புதான் சார் சுலபம். சான்றிதழ் குடுத்தா அன்னைக்கே குடுத்துடுவோம்."

"யாரோட இறப்பு?"

"உங்களோடதுதான்."

"செத்தப்பறம் நான் எப்படிம்மா வந்து வாங்குறது?"

"நீங்க நேர்ல வரணும்னு கட்டாயம் இல்ல சார்" என்றாள் அன்பாக.

வார்விக் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அவன் இருமிய பக்கம் அவள் ஒரு துணியை எடுத்துக் கவுண்டரை நன்றாகத் துடைத்தாள்.

கமிட்டி ஒரு வாரம் கழித்துக் கூடியது. தலைவர் மார்ட்டிமர் கிளெக். சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளைக் கையுறை. அவர் டீ குடிக்கும்போதும் கையுறையைக் கழற்றுவதில்லை. அவருக்கு இருபுறமும் மூன்று நிபுணர்கள். ஒருவர் பெட்டியின் முதுகுப் பட்டையில் நிபுணர், ஒருவர் பிளாஸ்டிக் உறையில், மூன்றாமவர் கடைக்காரர்கள் பெட்டிமேல் ஒட்டும் விலை ஒட்டியில். விலை ஒட்டி பற்றி அவர் மூன்று தொகுதி எழுதியிருக்கிறார், நாலாவது அச்சில்.

வார்விக் எழுந்து நின்று தன் மகனைப் பற்றிச் சொன்னான். நிறைய வார்த்தை தெரிந்தவனில்லை அவன். படகுத்துறை, பையன், வெட்டிய காட்சி என்று மூன்றே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். விலை ஒட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிளெக் கையுறையைச் சரிசெய்துகொண்டு பேசினார்.

"மிஸ்டர் வார்விக், உங்க துக்கத்த இந்தக் கழகம் மதிக்குது. யோசிச்சுப் பாருங்க. இத்தன வருஷம் அந்த உறைல ஒரு கீறல் இல்ல. ஏன்? உங்க துக்கத்தால. ஒரு பெட்டிய திறக்க விடாத துக்கம், தரமான துக்கம். எங்க உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் இப்படி ஒண்ணு அமையணும்னு நான் ஆசப்படுறேன்."

நிபுணர்கள் மேசையைத் தட்டினார்கள்.

"அன்னைக்கு நான் 'இப்போதைக்கு'ன்னுதானே சொன்னேன்?" என்றான் வார்விக்.

"சொல்லியிருக்கீங்க. ஆனா எங்க விதிமுறைல அப்படி ஒரு காலமே கிடையாது. வைப்புன்னா வைப்பு."

"வேற யார்கிட்டயாவது பிரிச்ச பெட்டி இருக்குமா? அத வாங்கியாவது பாத்துக்குறோம்" என்றாள் கிளெனிஸ்.

கிளெக்கின் முகம் இருண்டது. "மவுண்ட் கேம்பியர்ல ஒரு ஆள் பிரிச்சான். பிரிச்சது மட்டுமில்ல, பாத்திருக்கான். அவன உறுப்பினர் பட்டியல்லேர்ந்து நீக்கி, அந்தப் பெட்டிய முறைப்படி எரிச்சுட்டோம். மத்த பெட்டிகளோட மானம்னு ஒண்ணு இருக்கில்ல? பாக்கி எல்லாம் கீழதான் பத்திரமா இருக்கு."

வார்விக்குக் குழப்பமாகிவிட்டது. "அப்ப உங்கள்ல யாருமே அந்தப் படத்தப் பாத்ததில்லையா?"

உறை நிபுணர் தரையைப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இந்தத் துறைல இருக்கேன்" என்றார் கிளெக். "இன்னைக்கு வரைக்கும் ஒரு படம் பாத்ததில்ல. இத நான் கர்வமா சொல்றேன். பாக்குறவன் தின்னுத் தீக்குறான் சார். நாங்க காப்பாத்துறோம். எல்லாரும் பாக்க ஆரம்பிச்சா, அப்புறம் படம்னு எதுக்கு இருக்கணும்?"

எனக்கு எழுந்து நாலு கெட்ட வார்த்தை பேச வேண்டும்போல இருந்தது. கிளெனிஸ் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். காரியம் ஆக வேண்டுமே.

கமிட்டி கருணையோடு முடிவெடுத்தது: மனுதாரரின் நிலையை நேரில் ஆய்வு செய்தபின் பரிசீலிக்கப்படும்.

ஆய்வாளர் கெய்லீன் எங்கள் ஊருக்கே வந்தாள். வார்விக்கின் டிவியைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். டிவிடி ஓட்டும் கருவியை முகர்ந்தாள். பிறகு வார்விக்கின் கட்டிலைச் சுற்றி வந்து, சின்ன விளக்கு அடித்து, அவனைப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லி, பூதக்கண்ணாடியால் பார்த்தாள். கழகத்தில் எதையும் மதிப்பிட ஒரே முறைதான் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. முடிவைச் சத்தமாக வாசித்தாள்.

"ஓரங்கள்ல தேய்மானம். முதுகுல வளைவு. பரவலா மஞ்சள் பூத்திருக்கு. மூடி சரியா மூடல." வார்விக் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "உள்ளடக்கம் சரிபாக்கப்படல. பத்துக்கு மூணு."

"மூணா?" என்றான் வார்விக். "மூணரை போடும்மா. பல்லு நல்லாருக்கு."

அவள் மறுபடி விளக்கு அடித்துப் பல்லைப் பார்த்தாள். "மூணுதான் சார்."

கிளெனிஸ் அவளுக்காகச் சுட்டுவைத்திருந்த ஸ்கோன் கேக்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஒன்பதரை மதிப்புள்ள பொருளை மூன்று மதிப்புள்ள பொருளிடம் ஒப்படைக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் கழகம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. மனுதாரருக்கு 'அருகிருப்பு' வழங்கப்படும். அதாவது, வார்விக் நிலவறைக்கு வந்து, பெட்டி இருக்கும் அதே அறையில், ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம்.

"போகாத வார்விக்" என்றேன். "அவனுங்க வெளையாடுறானுங்க உன்கிட்ட."

"யோவ், நீ வண்டிய எடுய்யா."

நாலு மணி நேரப் பயணம். பின்சீட்டில் அவனைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். கிளெனிஸ் அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கழகத்தில் சக்கர நாற்காலியோடு நிலவறை வாசலுக்குப் போனதும் காவலாள் கையைக் காட்டினான். சிலிண்டர் உள்ளே வரக் கூடாது. அதிலிருந்து வரும் காற்றில் ஈரம் இருக்கிறது, பெட்டிக்கு ஆகாது.

"அப்ப அவர் எப்படி மூச்சு விடுவாரு?" என்றாள் கிளெனிஸ்.

"கொஞ்சமா விடச் சொல்லுங்க மேடம்."

வார்விக் தானே குழாயை மூக்கிலிருந்து எடுத்தான். உள்ளே நீல வெல்வெட் மெத்தைமேல் பெட்டி இருந்தது. முன்னால் சிவப்புக் கயிறு. நாற்காலியைக் கயிறுவரை தள்ளினேன். அவன் குனிந்து பார்த்தான். பிளாஸ்டிக் கூட்டின்மேல் அவன் முகம்தான் தெரிந்திருக்கும், வேறு என்ன தெரியும்.

"ஷேன்" என்றான்.

"சத்தம் வேண்டாம் சார்" என்றான் காவலாள். "அதிர்வு."

கொஞ்ச நேரத்தில் அவன் உதடு நீலமாகிவிட்டது. இழுத்துக்கொண்டு வெளியே ஓடினோம். ஒரு மணி நேரத்தில் மீதி இருந்ததை இன்னொரு நாள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பின்னாலேயே வந்து சொன்னார்கள். அந்த இன்னொரு நாள் வரவில்லை. மே மாதம், கிளெனிஸ் டீ போட எழுந்துபோன நேரத்தில், வார்விக் இறந்துபோனான்.

கவுண்டர் பெண் சொன்னது பொய்யில்லை. இறப்பு சுலபமாகத்தான் இருந்தது. அடக்கத்துக்குக் கழகமே வந்துவிட்டது. வார்விக்கின் பெட்டியைத் தூக்க நாங்கள் ஆறு பேர். அவர்கள் கொண்டுவந்த பெட்டியைத் தூக்க ஏழு பேர். கல்லறையில் யாரோ விவரம் தெரியாத கிழவர் எந்தப் பெட்டிக்குத் தொப்பியைக் கழற்றுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் கழற்றினார்.

எல்லாம் முடிந்து, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பவுல்ஸ் கிளப்பில் கூடினோம். முட்டை சாண்ட்விச், சாசேஜ் ரோல், பீர். கிளெக் கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.

"நண்பர்களே, நான் பல உறுப்பினர்களை வழியனுப்பியிருக்கேன். கடைசி நேரத்துல பலவீனப்பட்டவங்கதான் ஜாஸ்தி. 'ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்'னு அழுதவங்க உண்டு. நம்ம வார்விக்கும் அழுதார். ஆனா பாக்கல! பிரிக்காத பெட்டியோட வாழ்ந்து, பிரிக்காமலே போயிருக்கார். உரிமையாளர் சாகற வரைக்கும் திறக்காத பெட்டிக்குக் கழகம் தர்ற மதிப்பு என்ன தெரியுமா? பத்துக்குப் பத்து! அந்த அரை மதிப்பெண்ண அவர் தன் உயிரைக் குடுத்து வாங்கிக் குடுத்திருக்கார்."

கழகத்துக்காரர்கள் கைதட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிலரும், சாவு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல், தட்டிவிட்டார்கள்.

அடுத்தது பெட்டியை வாரிசிடம் கொடுக்கும் சடங்கு. வாரிசு அதைத் தொட்டுவிட்டு, "கழகமே வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லித் திருப்பித் தர வேண்டும். இதுவரை எல்லா விதவைகளும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிளெக் மெத்தையோடு பெட்டியை நீட்டி, குனிந்து கிளெனிஸின் காதில் அந்த வரியை எடுத்துக் கொடுத்தார்.

கிளெனிஸ் பெட்டியை மெத்தையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இப்ப இது என்னோடதா?"

"சட்டப்படி, ஆமா. ஆனா நீங்க சொல்ல வேண்டிய வரி..."

"கிளைவ், உன் வண்டில டயர் கழட்டுற கம்பி இருக்கா?"

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

நான் ஓங்கி அடித்த முதல் அடிக்குக் கூடு அசையவில்லை. இரண்டாவதுக்கு விரிசல் விட்டது. கெய்லீன் வீலென்று கத்தினாள். உள்ளேயிருந்த அட்டைப் பெட்டியை எடுத்து, கிளெனிஸ் உறையை நகத்தால் கிழித்தாள். உறை நிபுணர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு யாரோ பீர் கொடுத்தார்கள். டிவியில் ஓடிக்கொண்டிருந்த குதிரைப் பந்தயத்தை நிறுத்தி, ஆறாம் பாகத்தின் டிவிடி தட்டை எடுத்தோம். தட்டின் ஓரமெல்லாம் துருப்பிடித்த மாதிரி பழுப்பேறி, பழுப்பு நடுவரை ஓடியிருந்தது.

கிளப்பில் இருந்த பழைய டிவிடி கருவியில் போட்டோம். கருவி முக்கியது, முனகியது. 'வெட்டிய காட்சிகள்' என்று எழுத்து வந்தது. கிளெனிஸ் அதை அழுத்தினாள். திரை முழுக்கச் சாம்பலும் பச்சையுமாகக் கட்டம் கட்டமாக நின்றது. படகுத்துறை இல்லை, கூட்டம் இல்லை, பையன் இல்லை. அவள் திரைக்கு மிக அருகில் போய், கட்டங்களுக்கு நடுவே தேடினாள்.

கிளெக் பின்னால் வந்து நின்றார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"எல்லாப் பெட்டிலயும் இப்படித்தான் மேடம். காத்துப் போகாத கூட்டுல வச்சா உள்ள கெட்டுடும். எங்களுக்கு ரொம்ப நாளா தெரியும். எங்க சான்று வெளிப்பக்கத்துக்குத்தான். அதனாலதான் யாரையும் திறக்க விடுறதில்ல. திறக்காத வரைக்கும் உங்க பையன் உள்ள பத்திரமா இருந்தான். திறந்தது நீங்கதான்."

நான் கம்பியை இன்னும் கையில்தான் வைத்திருந்தேன். கடவுள் சாட்சியாக, ஒரு அடி முன்னே வைத்தேன்.

அப்போதுதான் கட்டங்கள் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் வந்தது. அலை. கடற்புறா. யாரோ தூரத்தில் "ரெடி" என்கிறார்கள். பிறகு, கேமராவுக்குப் பின்னாலிருந்து, இருமல் இல்லாத, நல்ல இளம் குரலில் ஒருவன் கத்துகிறான்.

"ஷேன்! கேமராவப் பாக்காதடா. மேல பாரு, மேல!"

"மேல யாருமே இல்லையேப்பா."

"இருக்காருன்னு நெனச்சுக்கடா. வந்துடுவாரு."

பையன் சிரிக்கிறான். அங்கேயே தட்டு சிக்கிக்கொண்டு, சிரிப்பு பாதியில் நின்றது. கிளெனிஸ் பின்னால் ஓட்டும் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அலை, மறுபடி கடற்புறா.

"மேடம், இதுக்குமேல ஓட்டினா இருக்கறதும்..." என்று கிளெக் ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க" என்றாள் கிளெனிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு பேசுறாரு."